மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான்: ஞாபக மறதியா?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். 16-ஆம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்வான். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் வரி பிசகாமல் பாடுவான். ஆனால் "மாடியில் துணி எடுத்துக்கொண்டு, வரும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, பாட்டி மாத்திரை போட்டாரா என்று கேட்டு வா" என்றால் துணியோடு மட்டும் வந்து நிற்கிறான். மனக்கணக்கிலும் பாதியில் திணறுகிறான். கவனமே இல்லை என்று டீச்சர் சொல்கிறார். ஞாபக சக்திக்கு அபாகஸில் சேர்க்கலாமா? வல்லாரை லேகியம் கொடுக்கலாமா?

பதில்: முதலில், பையனைத் திட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வாய்ப்பாடும் பாட்டும் இவ்வளவு சுத்தமாக நிற்கிறதென்றால் அவனுடைய ஞாபகத்தில் பழுதில்லை. அவை நீண்டகால நினைவில் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் சொல்லும் மூன்று வேலைகள் தங்கவேண்டிய இடம் வேறு. அதைச் செயல்நினைவு என்கிறோம். வொர்க்கிங் மெமரி என்று பள்ளியில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

நீண்டகால நினைவைத் தொட்டித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், செயல்நினைவு உள்ளங்கையில் அள்ளிய தண்ணீர். கொஞ்சம்தான் பிடிக்கும், கசிந்துகொண்டே இருக்கும். அதை ஏந்திக்கொண்டே அதே கையால் கதவையும் திறக்கவேண்டும் என்பதுதான் பெரிய சிரமம். அதாவது, ஒன்றை மனத்தில் பிடித்துவைப்பது, அதை வைத்து வேலை செய்வது இரண்டுக்கும் இருப்பது ஒரே இடம்.

58-ஐ 7-ஆல் மனத்திலேயே பெருக்கிப் பாருங்கள். ஐம்பதை ஏழால் பெருக்கினால் 350. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று எடுத்துவந்து இரண்டையும் கூட்டவேண்டும். உங்களுக்கு 406 வந்துவிடும். உங்கள் மகனுக்கு வாய்ப்பாடு தெரியும், கூட்டலும் தெரியும். ஆனால் 56-ஐ எடுத்து வருவதற்குள் 350 நழுவிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது கவனக்குறைவாகத் தெரிகிறது. செயல்நினைவு குறைவான குழந்தைகளைப் பிரிட்டனில் ஆராய்ந்த சூசன் கேதர்கோலும் டிரேசி அலோவேயும் இதையே கவனித்தார்கள். ஆசிரியர்கள் இந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் 'கவனமில்லாதவர்கள்' என்றுதான் வர்ணித்தார்கள்.

இந்தக் கொள்ளளவு எல்லோருக்குமே சிறியதுதான். ஒரே நேரத்தில் மனத்தில் நிற்பவை 7 விஷயங்கள் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் சொன்னார், இரண்டு கூடலாம் குறையலாம் என்ற கணக்கில். 2001-ல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர், மனத்துக்குள் முணுமுணுத்துத் தக்கவைப்பது போன்ற உத்திகளைக் கழித்துவிட்டால் ஏறக்குறைய 4தான் என்று காட்டினார். பெரியவர்களுக்கே இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு, பதின்பருவம் வரை மெல்ல வளரும். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-ல் தந்த விளக்கம் இன்றும் உதவுகிறது. கேட்டதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித் தக்கவைக்கும் ஒலிப் பகுதி ஒன்று. அதில் சுமார் 2 விநாடியில் சொல்லக்கூடிய அளவுதான் தங்கும். இடத்தையும் உருவத்தையும் பிடிக்கும் காட்சிப் பகுதி இன்னொன்று. இரண்டையும் மேய்க்கும் நிர்வாகி ஒருவர். ஃபோன் நம்பரை முணுமுணுத்துக்கொண்டே பேனா தேடுகிறீர்களே, அது ஒலிப் பகுதியின் வேலை. நடுவில் யாராவது "மணி என்ன?" என்று கேட்டால் போச்சு. உங்கள் மகன் மாடிப்படி ஏறும்போது நடப்பதும் இதேதான். மேலே காற்றாடி பறக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிடுகிறான், மோட்டார் மறந்துவிடுகிறது.

இனி அபாகஸ். பயிற்சியால் இந்தக் கொள்ளளவு கூடுமா என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பயிற்சி செய்து, 7 இலக்கங்களை மட்டும் நினைவில் வைத்த நிலையிலிருந்து 79 வரை போனார். எரிக்ஸன், சேஸ் குழுவினர் 1980-ல் வெளியிட்ட ஆய்வு இது. அவர் ஓட்டப்பந்தய வீரர் என்பதால் எண்களை ஓட்ட நேரங்களாகத் தொகுத்துக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது? பழையபடி 6தான். கை பெரிதாகவில்லை, எண்களைக் கட்டாகக் கட்டத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். அபாகஸைப் பற்றி வதோதராவில் சுமார் 200 பள்ளிக் குழந்தைகளிடம் 3 ஆண்டுகள் நடந்த ஆய்விலும் கணக்குத் திறன் கூடியது, செயல்நினைவு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே, அவனுக்குப் பிடித்திருந்தால் கணக்குக்காகச் சேருங்கள். மோட்டார் நிற்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வல்லாரைக் கீரை துவையலாகச் சாப்பிடட்டும், நல்லதுதான். இந்தச் சிக்கலுக்கு லேகியம் தீர்வல்ல.

செய்யவேண்டியது, கையில் ஏந்தவேண்டிய தண்ணீரைக் குறைப்பது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். இரண்டு சொல்லியே ஆகவேண்டுமென்றால், கிளம்பும் முன் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். சொல்லும்போது டிவி ஓடக்கூடாது. கேட்க விரும்பாத பேச்சும் அந்த ஒலிப் பகுதிக்குள் நுழைந்துவிடும். தினசரி வேலைகளைக் கதவருகே படமாக ஒட்டுங்கள். கணக்கில், இடையில் வரும் எண்ணை உடனே ரஃப் நோட்டில் எழுதட்டும். எழுதிப் போடுவது குறைச்சல் என்ற எண்ணம் நம் ஊரில் இருக்கிறது, அது தவறு. வாய்ப்பாட்டை விடாதீர்கள். யோசிக்காமல் வந்து விழும் விடைக்குக் கையில் இடமே வேண்டாம்.

டீச்சரிடமும் இதைப் பேசுங்கள். "பக்கம் 42, மூன்றாவது கணக்கு, பென்சிலில்" என்று வாயால் சொல்வதைப் பலகையிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். "மறுபடியும் மறந்தாயா?" என்ற பயமும் உள்ளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லுங்கள். கணக்கைக் கண்டு பதறும் மாணவர்களிடம் இதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காது, கண் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். பாதி மட்டும் காதில் விழும் பிள்ளையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வாசிப்பிலும் பெரிய தடுமாற்றம் இருந்தால், அல்லது வீட்டிலும் பள்ளியிலும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் மாதக்கணக்கில் தவித்தால், குழந்தைகள் மனநலம் பார்க்கும் மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ காட்டுங்கள். போகும்போது அவனுடைய கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் படியில் எண் நழுவுகிறது என்பது அதில் தெரியும்.