கேமராவை அணைத்துவிட்டுத் தொழுவது

அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன்,

மூன்று கண்டங்களில் ஆட்கள் இருக்கும் டீமில் வேலை செய்கிறேன். மீட்டிங் நடுவே பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்தால் ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று சொல்லி, கேமராவை அணைத்துவிட்டுத் தொழுகிறேன். ஆபீஸில் நான் பழமைவாதி, பள்ளிவாசலில் மாடர்ன் ஆள். வங்கி வட்டி, பெண்களிடம் கைகுலுக்குவது என எல்லாமே குழப்பம். இந்தக் காலத்தில் முழு முஸ்லிமாக வாழ முடியுமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள தம்பி,

வ அலைக்கும் ஸலாம். வட்டியையும் கைகுலுக்கலையும் நீங்கள் நம்பும், மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடம் கேளுங்கள். என்னைத் தைத்தது அந்த ‘நெட்வொர்க் சரியில்லை’தான். அல்லாஹ்வின் முன் நிற்கப் போகிறவன் பொய் சொல்லிவிட்டா போவது? பழியை மட்டும் காலத்தின் தலையில் கட்டுகிறீர்களே!

2007 அக்டோபரில், ரமலான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸபர் ஷுக்கோர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அங்கே ஒரு நாளில் சுமார் 16 முறை சூரியன் உதிக்கும். ஐந்து வேளையை எதை வைத்துக் கணக்கிடுவது? அந்நாட்டு ஆலிம்கள் உட்கார்ந்து பேசி, ராக்கெட் கிளம்பிய பைக்கனூரின் நேரத்தைப் பின்பற்றலாம், மக்கா இருக்கும் கிப்லா திசையை முடிந்த அளவுக்குப் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. வெளிப்படையாகப் பேசியதால் வழி பிறந்தது. உங்களுக்கோ ஒரு நாளுக்கு ஒரே சூரியோதயம். அஸர் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகிற நேரமும் இல்லை. நான்கு ரக்அத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. நானும் இதையே செய்தவன், தம்பி. ‘போன் வருகிறது’ என்று காதில் வைத்துக்கொண்டே எழுந்து போவேன். ஒருநாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது மகள் கவனித்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. “வாப்பா, போன் அடிக்கவே இல்லையே?” என்றாள். முஸல்லா விரிப்பில் போய் நின்றேன். தக்பீர் கட்டிய பிறகும் முதலில் ஓத வேண்டிய ஃபாத்திஹாவைத் தொடங்க வாய் வரவில்லை. இத்தனைக்கும், தொழக்கூடாது என்று என்னிடம் யாருமே சொன்னதில்லை. யாரும் போடாத தடையை நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டீமில் சொல்லிவிட்டேன். ஒருவர் ‘சரி’ என்றார். ஒருவர் முகம் சுளித்தார், அது சில வாரங்கள் உறுத்தியது. மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

நாளைக்கு உங்கள் காலண்டரில் அந்தப் பத்து நிமிடத்துக்குத் ‘தொழுகை’ என்றே எழுதிவையுங்கள். இன்று இரவு என் துஆவில் நீங்கள் இருப்பீர்கள்.