நெதர்லாந்துக் கால்பந்து வீரர் பெரி ஃபான் ஆர்லே யார், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

1988-இல் ஐரோப்பாவின் இரண்டு பெரிய கோப்பைகளையும் வென்ற வலது பக்கத் தற்காப்பு வீரர் அவர், ஆனால் அதே நெதர்லாந்து அணியின் நட்சத்திரங்களான குல்லிட், ஃபான் பாஸ்டன் பெயர்களுக்கு நடுவே இவர் பெயர் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1962-இல் ஹெல்மோண்ட்டில் பிறந்தவர். பக்கத்து ஊரான ஐந்தோவனின் பிஎஸ்வி அணியில் சேர்ந்து, நடுவில் ஒரு பருவம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஆடிவிட்டு, திரும்பி வந்து 1994 வரை அங்கேயே இருந்தார்.

1988 மே 25, ஸ்டுட்கார்ட். போர்ச்சுகலின் பென்ஃபிகா அணியுடன், கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் பென்ஃபிகாவின் வெலோசோ அடித்த பந்தை பிஎஸ்வி கோல்கீப்பர் ஃபான் ப்ரோய்கலன் தடுத்ததும் 6-5 என்று பிஎஸ்வி வென்றது. காலிறுதியிலிருந்து ஆடிய ஐந்து ஆட்டங்களும் டிராதான், அப்படியென்றால் அந்தக் கோப்பையே தற்காப்பு வரிசை வாங்கிக் கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன். சரியாக ஒரு மாதம் கழித்து மியூனிக்கில், நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை (யூரோ) இறுதி ஆட்டத்தில் சோவியத் யூனியனை 2-0 என்று வீழ்த்திய நெதர்லாந்து அணியிலும் வலது பக்கம் அவர்தான்.

நாட்டுக்காக மொத்தம் 35 ஆட்டங்கள். கடைசியாகச் சொந்த ஊர் ஹெல்மோண்ட் ஸ்போர்ட் அணிக்கு ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

அப்புறம் பிஎஸ்விக்கே ஸ்கவுட் ஆனார், அதாவது மைதானம் மைதானமாகப் போய் ஆட்டம் பார்த்து, கிளப்புக்குத் தேறும் வீரர்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. பந்து காலில் இல்லாதபோது ஒரு பையன் எங்கே நிற்கிறான் என்பதைத் தற்காப்பில் ஆடியவர் கண் சீக்கிரம் பிடித்துவிடும்.