வாசகர் கேள்வி–பதில்: மெழுகுவர்த்தி ஒளியில் உதகை ஆலயம்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் வயதான தாயாருடனும் ஒன்பது வயது மகளுடனும் உதகைக்குச் செல்கிறோம். செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் காலத்து மெழுகுவர்த்தி ஆராதனையைக் காண மகள் ஆசைப்படுகிறாள். நாங்கள் இந்துக்கள். கலந்துகொள்ளலாமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகக் கலந்துகொள்ளலாம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஆலயம் அது. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துச் சடங்கு மட்டும் சபையாருக்கு உரியது; அவ்வேளையில் இருக்கையிலேயே அமர்ந்திருங்கள். ஆராதனை நாளையும் நேரத்தையும் ஆலயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு: அன்று பகலிலேயே ஒருமுறை சென்று ஆலயத்தை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். வெளிவெளிச்சம் பட்டால்தான் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உயிர்பெறும்; இரவில் உள்ளிருந்து பார்ப்பவருக்கு அவை கருத்த சட்டங்களாகவே தெரியும். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1830-இல் அர்ப்பணிக்கப்பட்ட இவ்வாலயத்தைக் கேப்டன் அண்டர்வுட் வடிவமைத்தார். கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள், திப்பு சுல்தான் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து மலையேறி வந்த மரங்கள் என்பதை மகளுக்குச் சொல்லி, அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்புறச் சரிவிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், உதகை நகரை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் பகலில் பார்த்து முடித்திருந்தால், இரவில் கைப்பேசியுடன் அங்குமிங்கும் நடந்து, வழிபட வந்தவர்களுக்கு இடையூறு செய்ய வேண்டியிராது.

இத்தகைய ஆராதனைகளில் ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்குச் சுடர் கைமாறும். எரிகிற மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்திருக்க, எரியாததைத்தான் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு கையில் சொட்டும். மகளின் பின்னலையும் சால்வை நுனியையும் முன்னால் தொங்கவிடாதீர்கள். அணைக்கும்போது சுடருக்கு அப்பால் உள்ளங்கையை மறைப்பாக வைத்து மெல்ல ஊதச் சொல்லுங்கள். பழைய மரக்கூரையின் கீழ் நெருப்பைக் கையில் ஏந்துகிறோம் என்ற கவனம் பெரியவர்களுக்கும் வேண்டும்.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் பருவம் அது. பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டரை அறையில் விட்டுவராதீர்கள். தாயாருக்குக் கனமான காலுறையும் காதை மூடும் குல்லாவும் அவசியம். மூச்சுத் தொல்லை இருந்தால், புகை அதிகம் படாதவாறு ஓர இருக்கையில் அமர்த்துங்கள்.

சொந்த வாகனமென்றால் நீலகிரிக்கான இ-பாஸை முன்பே எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் வந்தால், ஆராதனை முடிந்து அறைக்குத் திரும்ப ஆட்டோவையோ டாக்சியையோ மாலையிலேயே பேசி வையுங்கள். அந்தக் குளிரில் மேட்டுச் சாலையில் தாயாரை நடக்கவைக்க வேண்டாம்.