வாசகர் கேள்விக்குப் பதில்: ஒப்பந்தம் முறியும்போது

கேள்வி: வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில், ஒழுங்கு மீறும் வீரரின் ஒப்பந்தத்தை அணி நிர்வாகம் நினைத்தவுடன் ரத்து செய்துவிட முடியுமா?

பதில்: முடியாது. அங்கு வீரர்களின் ஒப்பந்தத் தொகைக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் உண்டு. ஆட்டத்திறன் குறைந்துவிட்டது என்பதற்காக மீதிச் சம்பளம் முழுவதையும் பறிக்க வழியில்லை. வேண்டாத வீரரை விடுவிக்க விரும்பும் அணி, மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை (26 வயது நிரம்பாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கை), எஞ்சிய காலத்தைப்போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். பணமே கொடுக்காமல் முறித்துக்கொள்வதென்றால், வீரர் ஒப்பந்தத்தின் அடிப்படைக் கடமையையே மீறியிருக்க வேண்டும். அப்போதும் முதலில் அவரை ‘நிபந்தனையற்ற வேவர்ஸ்’ பட்டியலில் வைத்து, வேறு அணி ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்பந்தம் ரத்தாகும். அதை எதிர்த்து வீரர்கள் சங்கம் முறையீடு செய்தால், நடுவர் முன் விசாரணை நடக்கும்.

2015 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணி மைக் ரிச்சர்ட்ஸின் ஒப்பந்தத்தை இப்படித்தான் ரத்து செய்தது. போதை தரும் மருந்து தொடர்பாகக் கனடா எல்லைச் சாவடியில் நடந்த சம்பவத்துக்குப் பின் இரண்டு வாரங்கூடக் கழியாத நிலையில் எடுத்த முடிவு அது. 12 ஆண்டுகளுக்கு 6.9 கோடி டாலர் என்ற அந்த ஒப்பந்தத்தில் இன்னும் 5 ஆண்டுகளும் 2.2 கோடி டாலரும் மிச்சம் இருந்தன. ரத்து நிலைத்திருந்தால் அந்தச் சுமையின் பெரும்பகுதி அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கிலிருந்து (ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கான வரம்பு) நீங்கியிருக்கும். பாரமாகிவிட்ட ஒப்பந்தத்தைக் கழற்றிவிட ஒழுங்குமீறல் ஒரு சாக்காகிவிடுமோ என்ற அச்சம் பிறப்பது இதனால்தான், அது நியாயமான அச்சமும்கூட. சங்கம் முறையிட்டது, அக்டோபரில் சமரசம் ஏற்பட்டது, 2031-32 பருவம் வரை ரிச்சர்ட்ஸுக்கான தொகை கிங்ஸ் அணியின் உச்சவரம்புக் கணக்கில் நீடிக்கும்படி ஆயிற்று.

2022 ஜனவரியில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணி, கொரோனா விதிமீறலையும் காரணமாகக் காட்டி, எவாண்டர் கேனின் 7 ஆண்டு, 4.9 கோடி டாலர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அவ்வழக்கும் சமரசத்தில்தான் முடிந்தது. 2023 நவம்பரில் சிகாகோ அணியால் நீக்கப்பட்ட கோரி பெரி, மதுப்பழக்கத்தைக் குறிப்பிட்டுப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இரண்டே மாதத்தில் எட்மன்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

என்னை அதிகம் உறுத்துவது நோயும் குற்றமும் கலந்துவிடும் இடம். போதைக்கும் மனநலச் சிக்கலுக்கும் ஆளான வீரர்களுக்காக, லீகும் சங்கமும் இணைந்து 1996 முதல் ஓர் உதவித் திட்டத்தை நடத்துகின்றன. தாமாக முன்வந்து முதன்முறை அதில் சேரும் வீரருக்குச் சிகிச்சைக் காலத்திலும் முழுச் சம்பளம் கிடைக்கும். சக ஊழியருக்கோ வெளியாருக்கோ தீங்கிழைத்தவரை நீக்க அணி தயங்க வேண்டியதில்லை. ஆனால் தமக்கே தீங்கிழைத்துக்கொள்ளும் வீரருக்கு அந்தத் திட்டத்தின் கதவைக் காட்டாமல், வேவர்ஸ் பட்டியலில் முதலில் பெயர் எழுதும் நிர்வாகத்தை என்னால் ஏற்க முடியவில்லை.