சின்ன வயசு பொண்ணுங்க, வெயிட்டு, சுகர்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

லேப்ல ரிப்போர்ட் போடுற ஆளு நான், டாக்டர் இல்ல. மாத்திரை டோஸ் மட்டும் கேக்காதீங்க.

மழைக்குருவி: அக்கா, வயசு 24, வெயிட்டு நார்மல் தான், ஃபாஸ்டிங் (வெறும் வயித்துல பாக்குற) சுகர் 108னு வந்துருக்கு. ஒல்லியா இருந்தும் எப்படி?

வெயிட் மிஷின் மொத்த எடைய சொல்லும், கொழுப்பு எங்க போய் உக்காந்துருக்குன்னு சொல்லாதுமா. தொடையில சேர்றது அவ்ளோ தொந்தரவு இல்ல, வயித்துக்குள்ளயும் ஈரல்லயும் சேர்றது தான் இன்சுலின வேலை பாக்க விடாது. டேப் எடுத்து இடுப்பு சுத்தளவ பாருங்க, உயரத்துல பாதிய தாண்டுனா வெயிட்டு எப்படி இருந்தாலும் கவனிக்கணும். ஃபாஸ்டிங் 100 முதல் 125 வரைக்கும் ப்ரீடயாபடீஸ், அதாவது சுகருக்கு முந்தின கட்டம், 126ல இருந்து சுகர். ஆனா ஒத்த ரிப்போர்ட்ட வச்சு முடிவு கட்டாதீங்க, 8 மணி நேரம் தண்ணி தவிர எதுவும் தொடாம இன்னொரு தடவ ரத்தம் குடுங்க.

பூனைக்கால்: பிசிஓஎஸ் (சினைப்பை ஹார்மோன் கோளாறு) இருக்கு. பின்கழுத்துல கருப்பா தடிச்சிருக்கு, எவ்ளோ தேச்சாலும் போகல.

தேய்க்காதீங்க, அழுக்கு இல்ல அது. பெரும்பாலும் ரத்தத்துல இன்சுலின் ஜாஸ்தியா ஓடுதுன்னு அர்த்தம். உங்களுக்கு ஃபாஸ்டிங் மட்டும் பத்தாது, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு பாக்குற டெஸ்ட்ட கேட்டு வாங்குங்க, 140ஐ தொட்டா, ஃபாஸ்டிங்ல தெரியாத கோளாறு அங்க தான் மாட்டும்.

ராத்திரிஷிஃப்ட்: மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) எவ்ளோ எம்ஜி போடலாம்?

முதல் வரிய படிங்க.

கணக்குப்புள்ள: எதுக்கு இத்தன டெஸ்ட்டு, எச்பிஏ1சி ஒன்னு போதுமே?

இங்க தான் பொண்ணுங்க ஏமாறுறாங்க. எச்பிஏ1சிங்கறது ரத்தச் சிவப்பு செல்லுல ஒட்டுன சுகர வச்சு ரெண்டு மூணு மாச சராசரிய சொல்ற டெஸ்ட்டு. பீரியட்ஸ்ல நிறைய போய் இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு அது உள்ளத விட கூடுதலா காட்டலாம். 5.8னு பாத்துட்டு பட்டினி கிடக்குற பொண்ணுக்கு பக்கத்துலயே ஹீமோகுளோபின் 9னு குறைஞ்சு இருக்கும், அத யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

கணக்குப்புள்ள: ரத்தம் போனா குறைச்சு தானே காட்டும்? தப்பா சொல்றீங்க.

திடீர்னு நிறைய போனா நீங்க சொல்றது சரி, புது செல்லு கூடும், அதுல சுகர் ஒட்ட நாள் பத்தாது. நான் சொல்றது மாசக்கணக்கா இரும்பு இல்லாம இருக்குறவங்கள.

கணக்குப்புள்ள: அப்ப அந்த டெஸ்ட்டே வேஸ்ட்டுங்கறீங்க?

எங்கங்க சொன்னேன்? 5.7 முதல் 6.4 வரைக்கும் ப்ரீடயாபடீஸ்ங்கறது அப்படியே தான் இருக்கு, ஹீமோகுளோபினோட சேர்த்து படிங்கன்னேன். திரும்ப சொல்றேன், ஒத்த ரிப்போர்ட்ட வச்சு முடிவு கட்டாதீங்க.

சின்னமணி: ஒல்லியா இருந்தா சுகர் வராதுல்ல?

வரும். மேல எழுதியிருக்கேன்.

வெள்ளிக்கொலுசு: 80 கிலோ, ப்ரீடயாபடீஸ். எவ்ளோ குறைக்கணும்?

பாதியா ஆகணும்னு இல்லமா. 2002ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல 7 சதவீதம் எடைக்குறைப்பு, வாரம் 150 நிமிஷ நடை, இது தான் இலக்கு. சுகரா மாறுறது 58 சதவீதம் குறைஞ்சுது. உங்களுக்கு அஞ்சரை கிலோ சொச்சம்.

கடைக்குட்டி: தங்கச்சிக்கு 19. டயட் இல்லாமலே ஒரே மாசத்துல 6 கிலோ இறங்கிட்டா, சும்மா தண்ணியா குடிக்கிறா, நைட்டெல்லாம் பாத்ரூம். நல்லது தானே?

இத ஏன்ப்பா கடைசியில வந்து கேக்குற? டைப் 1ஆ, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காம போற சுகரா இருக்கலாம், இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ. வாந்தியோ மூச்சு வாங்குறதோ இருந்தா நேரா எமர்ஜென்சி. போய்ட்டு வந்து பதில் போடு, மத்தவங்க கேள்விய அப்புறம் பாக்குறேன்.