கிரீஸ் கோடைப் படிப்பு: நீங்கள் கேட்டதும் என் பதிலும்

பல்கலைக்கழக மாணவர்களைக் கோடையில் கிரீஸுக்கு அழைத்துப்போய் அந்நாட்டு மருத்துவ வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லித்தரும் படிப்பில் நான்கு வருடம் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, இது பட்டப்படிப்புக்குக் கிரெடிட் கொடுக்கிற சுற்றுலாதானே? அப்பா அப்படித்தான் சொல்கிறார்.

அப்படி நடத்துகிற படிப்புகளும் உண்டு, அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் மூன்று ஊர் என்று போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். நல்ல படிப்பில் ஓரிடத்தில் அரை நாள் உட்கார வைப்பார்கள். எபிடாரஸில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அங்கே பழங்காலத்தில் மருத்துவத் தெய்வம் அஸ்க்லீபியஸின் கோயிலில் நோயாளிகள் இரவு படுத்து, கனவில் தெய்வம் வரும் என்று காத்திருப்பார்கள். குணமானவர்களின் கதைகளைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் அம்ப்ரோசியா என்று ஏதென்ஸ்காரி ஒருத்தி, ஒரு கண் தெரியாதவள், வெறும் கனவிலா கால் வரும், கண் வரும் என்று சிரிக்கிறாள். அன்றிரவு தெய்வம் கனவில் வந்து, குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு அடையாளமாக வெள்ளிப் பன்றி ஒன்று காணிக்கை வைக்க வேண்டும் என்கிறது. விடிந்ததும் பார்வை வந்துவிடுகிறது. இதை அங்கேயே வாசித்துவிட்டு, கொரிந்து அருங்காட்சியகத்தில் நோயாளிகள் நேர்ந்து வைத்த மண் கை, மண் கால், மண் காது எல்லாம் பார்த்தோம். அப்புறம் ஒரு சின்ன ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில், திருவுருவப் படத்துக்குக் கீழே வரிசையாகத் தகட்டுக் கண்கள் தொங்கின. என்னோடு வந்த திருச்சிப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்து, "அக்கா, இது நம்ம சமயபுரத்துக் கண்மலர்" என்றாள். அவள் கடைசிக் கட்டுரையும் அதைப் பற்றித்தான் எழுதினாள்.

மருத்துவம் சேர ஆசை. அங்கே மருத்துவமனையில் வேலை கற்றுக்கொள்ளலாமா?

பார்க்கலாம், கேட்கலாம், தொடக்கூடாது. ஊசி போடலாம், தையல் போடலாம் என்று எந்தப் படிப்பாவது ஆசை காட்டினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் பயிற்சிக்காக நோயாளி அங்கே படுத்திருக்கவில்லை. மருத்துவம் முடித்தவர்கள் கிராமங்களிலும் தீவுகளிலும் ஒரு வருடம் வேலை பார்ப்பதை அங்கே 'அக்ரோதிகோ' என்பார்கள். அப்படி இருக்கிற ஓர் இளம் மருத்துவரோடு ஒரு மணி நேரம் பேச வாய்ப்பு கிடைத்தால் அதை விடாதீர்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம் தம்பி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் ஏராளமான விரத நாட்கள், அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே ஆழமாக ஊறியது. தக்காளியில் அரிசி அடைத்த யெமிஸ்தா, பெரிய வெள்ளை மொச்சை போட்ட யிகாந்தெஸ், காய்கறிகளை எண்ணெயில் வாட்டிய பிரியாம். ஒன்று மட்டும் கவனம்: 'நிஸ்டீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு, ஆனால் கணவாயும் ஆக்டோபஸும் அதில் சேர்த்தி. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கனடாவில் படிக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். விசா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். கனடா திரும்புவதற்கான விசா காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள். ஸ்டடி பெர்மிட் என்பது விசா இல்லை.

தொழுநோயாளிகளை அடைத்து வைத்த தீவுக்கு மாணவர்களைக் கூட்டிப் போவது சரியா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஸ்பினலோங்காவைச் சொல்கிறீர்கள். எனக்கும் முதல் வருடம் ஒப்பவில்லை. கிரீட் தீவை ஒட்டி வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை அது, 1904 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை அங்கே வைத்திருந்தார்கள். ரெமுந்தாகிஸ் என்ற சட்ட மாணவர் 1936இல் அங்கே கொண்டுவரப்பட்டார். இரக்கம் கேட்டு நிற்காமல் நோயாளிகளைச் சேர்த்து ஒரு சகோதரத்துவச் சங்கம் கட்டி, உரிமை கேட்டார். அவர் கதையைப் படிக்காத யாரையும் நான் படகில் ஏற்றியதில்லை. கோட்டைக்குள் நுழைகிற இருண்ட சுரங்கவழியில் யாரும் படம் எடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. உள்ளே தெருவில், கூரை போன வீடுகளின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க்கரையில் பிளாக்கா கிராமம் தெளிவாகத் தெரியும், படகில் சில நிமிடத் தூரம்தான். ஒவ்வொருவரும் ஒரு ஜன்னலில் தனியாகக் கால்மணி நேரம் நிற்கச் சொல்வேன். திரும்பும் படகில் அனேகமாக யாரும் பேச மாட்டார்கள், நானும் பேச வைக்க மாட்டேன்.