60,000 டாலரையும் ஒரே குப்பை நிறுவனத்தின் பங்கில் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வேலை செய்கிறேன். வயது 44. சேமிப்பாக 60,000 டாலர் வங்கியில் இருக்கிறது. முழுவதையும் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனத்தின் பங்கில் போட எண்ணுகிறேன். பொருளாதாரம் படுத்தாலும் குப்பை நிற்காது, அரை நூற்றாண்டாக வளர்ந்துவரும் நிறுவனம், இதில் நட்டமே வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. மகள் இன்னும் 4 ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள இந்த நிறுவனத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்திலிருந்து குடியேறிய ஹார்ம் ஹைசெங்கா என்பவர் 1893இல் சிகாகோவில் குப்பை அள்ளத் தொடங்கினார். ஒரு வண்டிக்குக் கூலி 1.25 டாலர். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த டீன் பன்ட்ராக், பின்னாளில் அந்தத் தொழிலை ஏற்று நடத்தினார். அதே குடும்பத்து வெய்ன் ஹைசெங்கா 1962இல் ஃபுளோரிடாவில் ஒரே ஒரு லாரியோடு தனியாக ஆரம்பித்தார். விடியும் முன்பே கிளம்பிக் குப்பை அள்ளி முடித்து, குளித்து உடை மாற்றிக்கொண்டு, பிற்பகலில் புதிய வாடிக்கையாளர்களைத் தேடிப் போவார். 1968இல் பன்ட்ராக்கும் வெய்னும் லாரி பெக் என்பவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் வேஸ்ட் மேனேஜ்மென்ட். 1971இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1972ஆம் ஆண்டுக்குள் 133 சிறு நிறுவனங்களை வாங்கிவிட்டது. அப்போது வருவாய் 8.2 கோடி டாலர்.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் உண்டு. ஒரு தெருவில் 10 வீடுகளுக்குப் போகும் லாரி, அதே தெருவில் 40 வீடுகளில் அள்ளினால் டீசல் செலவும் ஓட்டுநர் சம்பளமும் பெரிதாகக் கூடாது. பக்கத்துப் போட்டியாளரை வாங்கினாலே லாபம் உயரும். ஆனால் லாரி யாரும் வாங்கலாம். இந்தத் தொழிலின் உண்மையான பலம் லாரியில் இல்லை. குப்பை கடைசியாகப் போய்ச் சேரும் நிலத்தில் இருக்கிறது.

1987இல் நியூயார்க் பகுதியிலிருந்து 3,000 டன்னுக்கு மேல் குப்பை ஏற்றிக் கிளம்பிய ஒரு படகு, மாநிலம் மாநிலமாக அலைந்தும் இறக்க இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் கடலில் திரிந்துவிட்டுத் திரும்பி வந்தது. தன் ஊரில் குப்பைக் கிடங்கு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதன் பின் 1991இல் கூட்டரசு விதிகள் கடுமையாயின: அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட வேண்டும், கசியும் அழுக்குநீரைச் சேகரித்துச் சுத்திகரிக்க வேண்டும், நிலத்தடி நீரைச் சோதிக்க வேண்டும், கிடங்கை மூடிய பிறகும் 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். சிறிய ஊர்களாலும் சிறு முதலாளிகளாலும் இது முடியவில்லை. 1988இல் ஏறத்தாழ 8,000 ஆக இருந்த கிடங்குகள் 2002 வாக்கில் 2,000-க்கும் கீழே இறங்கின. மிச்சமிருந்தவற்றில் பெரிய பங்கு சில பெரிய நிறுவனங்களின் கையில். இன்று வேஸ்ட் மேனேஜ்மென்ட்டிடம் 250-க்கும் மேற்பட்ட கிடங்குகள் உள்ளன. போட்டி நிறுவனங்களின் லாரிகளும் பல இடங்களில் இங்கேதான் கட்டணம் கட்டிக் கொட்டுகின்றன. புதிதாக ஒருவர் அனுமதி வாங்கிக் கிடங்கு தொடங்குவது மிகக் கடினம். உங்கள் நண்பர்கள் சொல்லும் உண்மை இதுதான், அது வலுவான உண்மை.

இப்போது அவர்கள் சொல்லாததற்கு வருகிறேன். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு லாரியின் விலை 3 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டு ஓடும், அதன் பிறகு பழைய இரும்பு விலைகூடத் தேறாது என்று கணக்கிட்டால், தேய்மானச் செலவு ஆண்டுக்கு 30,000 டாலர். அதே லாரி 12 ஆண்டு ஓடும், கடைசியில் 60,000 டாலருக்கு விற்கலாம் என்று எழுதிவிட்டால் ஆண்டுச் செலவு 20,000 டாலராகிவிடும். லாரியில் எதுவும் மாறவில்லை. குப்பையும் கூடவில்லை. ஆனால் லாபம் 10,000 டாலர் கூடிவிட்டது, காகிதத்தில். இப்படி 10,000 லாரி இருந்தால் 10 கோடி டாலர்.

இது என் கற்பனைக் கணக்கு. ஆனால் நடந்தது இதே வகைதான். 1992 முதல் 1997 வரை லாரிகளின் ஆயுளையும் கடைசி மதிப்பையும் ஆதாரமில்லாமல் உயர்த்தியதாகவும், நிரம்பிக்கொண்டே போன கிடங்குகளின் மதிப்புக் குறைவைச் செலவாக எழுதாமல் விட்டதாகவும், கைவிட்ட திட்டங்களின் செலவை மறைத்ததாகவும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2002இல் பன்ட்ராக் உள்ளிட்ட முன்னாள் உயர் அதிகாரிகள் மீது வழக்குப் போட்டது. மிகைப்படுத்திய லாபம் 170 கோடி டாலர். தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2001இல் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கணக்கு மோசடியால் கவிழ்ந்த எரிசக்தி நிறுவனமான என்ரானின் விவகாரம் வெடிப்பதற்கு முன்பே நடந்தது இது.

1998இல் ஹூஸ்டனைச் சேர்ந்த யுஎஸ்ஏ வேஸ்ட் இந்த நிறுவனத்துடன் இணைந்தது. பெயர் மட்டும் பழையது, நிர்வாகமும் தலைமையகமும் ஹூஸ்டனுடையவை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி வாங்கியவர்களுக்கு அடுத்த அடி 1999இல் விழுந்தது. அந்த ஆண்டு 50 டாலருக்கு மேல் விற்ற பங்கு, ஆண்டு முடிவதற்குள் 20 டாலருக்கும் கீழே போனது. பழைய உச்சத்தை மீண்டும் தொட 15 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இத்தனை காலத்தில் ஒரு நாள்கூடக் குப்பை நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழில் நன்றாகவே நடந்தது. அன்றைய விலைக்கு வாங்கியவரின் மகள் கல்லூரிக்குப் போக வேண்டிய நேரத்தில்தான் பணம் இல்லை.

இன்றைய நிறுவனம் அந்த 1990களின் நிறுவனம் அல்ல. 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஈவுத்தொகையை ஆண்டுதோறும் உயர்த்தி வருகிறது. 2024இல் வருவாய் ஏறத்தாழ 2,200 கோடி டாலர். கிடங்கில் உருவாகும் மீத்தேனைச் சுத்திகரித்து எரிவாயுவாக விற்கிறது. 2020இல் அட்வான்ஸ்டு டிஸ்போசல் நிறுவனத்தையும், 2024இல் மருத்துவக் கழிவுகளைக் கையாளும் ஸ்டெரிசைக்கிளை 720 கோடி டாலர் மதிப்பிலும் வாங்கியது. இந்தக் கடைசிக் கொள்முதலால் கடன் ஏறியிருக்கிறது. மருத்துவக் கழிவு வேறு வகைத் தொழில், அதில் எதிர்பார்த்த லாபம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மறுசுழற்சிப் பொருள்களின் விலையும் நிலையானது அல்ல. 2018இல் சீனா கழிவுப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது பழைய காகிதத்தின் விலை சரிந்தது நினைவிருக்கலாம்.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். 60,000 டாலரில் முதலில் 6 மாதக் குடும்பச் செலவை எடுத்து வைத்துவிடுங்கள். அதைத் தொடவே கூடாது. மகளின் முதல் இரண்டு ஆண்டுக் கல்லூரிச் செலவுக்கு வேண்டியதைக் அமெரிக்க அரசின் கருவூலப் பத்திரங்களிலோ, 529 கல்விச் சேமிப்புத் திட்டத்துக்குள் ஆபத்துக் குறைந்த பிரிவிலோ வையுங்கள். 4 ஆண்டில் தேவைப்படும் பணத்துக்கு எந்தத் தனிப் பங்கும் ஏற்ற இடமில்லை, அது எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும். மீதியைச் சந்தை முழுவதையும் தழுவும் குறியீட்டு நிதியில் போடுங்கள். வேலையிடம் வழியாகச் சேரும் உங்கள் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைத் தழுவும் எஸ் அண்ட் பி 500 நிதி இருந்தால், இந்தப் பங்கு ஏற்கெனவே உங்களிடம் சிறு அளவில் இருக்கிறது.

அதற்கு மேலும் ஆசை விடவில்லை என்றால் 3,000 டாலர் வரை வாங்குங்கள், ஓராண்டில் பல தவணைகளாக. வாங்கும் முன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, ரொக்க வரவு செலவு அறிக்கை: லாரிக்கும் கிடங்குக்கும் செலவழித்த பிறகு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அது ஈவுத்தொகைக்குப் போதுகிறதா? இன்னொன்று, குறிப்புகளில் லாரிகளுக்கும் கிடங்குகளுக்கும் எத்தனை ஆண்டு ஆயுள் போட்டிருக்கிறார்கள் என்பது. முந்தைய மூன்று ஆண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்த எண்கள் காரணம் சொல்லாமல் நீண்டிருந்தால் வாங்காதீர்கள். இந்த வேலையை மனைவியோடு உட்கார்ந்து செய்யுங்கள். சந்தேகம் உள்ளவரின் கண்ணுக்குத்தான் இதெல்லாம் முதலில் படும்.